வதந்தியும் சர்க்காரும்

பொய்ச் செய்தியைச் சர்க்கார் சட்டத்தால் அடக்க வேண்டுமா, அடக்குவதானால் எந்த எல்லை வரைக்கும் அடக்கலாம் என்னும் விவாதம், முகநூலும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகே தோன்றியது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பழைய சென்னை ராஜதானியின் சரித்திரத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இந்த எண்ணம் நெடுநேரம் நிலைக்காது. கோட்டையிலிருந்து அதிகாரம் செலுத்தியவர்கள் ஆங்கிலேயராயினும் நம்மவராயினும், வாய்மொழியாய்ப் பரவினாலும் அச்சுத் தாளில் ஏறிப் பரவினாலும், வதந்தி என்பது ஆட்சியாளரைத் தூங்கவிடாத ஒரு சங்கதியாகவே இருநூறு வருஷங்களுக்கு மேலாக இங்கே இருந்து வந்திருக்கிறது. அதற்கு அவர்கள் கையாண்ட உபாயங்களும் அவற்றால் விளைந்த பலாபலன்களும், இன்று இந்த விஷயத்தில் இரு கட்சியாகப் பிரிந்து வாதிடும் அன்பர்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை.

வேலூரிலிருந்து தொடங்குவோம். 1805-ஆம் வருஷக் கடைசியில், சென்னைப் படையின் தலைமைத் தளபதியாயிருந்த ஸர் ஜான் கிராடக், சுதேசிச் சிப்பாய்கள் புதிய மாதிரித் தலைப்பாகை அணிய வேண்டுமென்றும், அணிவகுப்பில் நிற்கும்போது நெற்றியில் சமயச் சின்னமோ காதில் கடுக்கனோ கூடாதென்றும், மோவாயை மழித்துக்கொள்ள வேண்டுமென்றும் கட்டளைகள் பிறப்பித்தார். அந்தத் தலைப்பாகையில் தோலால் ஆன ஒரு குஞ்சம் இருந்தது. அது பசுத்தோலா பன்றித்தோலா என்ற கேள்வி பாளையங்களில் எழுந்தது. எழுந்த கேள்விக்கு அதிகாரிகள் விடை சொல்லவில்லை. விடை சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை. மறு வருஷம் மே மாதத்தில் தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்களில் இருவருக்குத் தலைக்கு 900 கசையடி என்று தீர்ப்பாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் புதிதாய் விளைந்த உப்பையெல்லாம் இரண்டு குவியலாய்க் குவித்து, ஒன்றின்மேல் பசுவின் ரத்தத்தையும் மற்றொன்றின்மேல் பன்றியின் ரத்தத்தையும் தெளித்திருக்கிறார்கள் என்ற வதந்தியும் அந்தக் காலத்தில் உலவியது. உப்பைப் பற்றிய பேச்சு கலப்படமற்ற பொய். ஆனால் தலைப்பாகையும் கசையடியும் மெய்யாயிருந்தமையால், மெய்யை அனுபவித்த நெஞ்சம் பொய்யையும் எளிதில் ஏற்றுக்கொண்டது.

இந்தக் கதையில் சரித்திர நூல்கள் இரண்டொரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகும் ஒரு சம்பவம் உண்டு. நம் விஷயத்துக்கு அதுதான் முக்கியம். ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் தம் தளபதியிடம் சென்று, கோட்டையில் கலகத்துக்குச் சதி நடக்கிறது என்று அறிவித்தார். தளபதி அந்தச் செய்தியை விசாரிக்கும் பொறுப்பைச் சுதேசி அதிகாரிகளிடமே ஒப்படைத்தார். அவர்களுக்குள்ளேயே சதியில் சம்பந்தப்பட்டவர்கள் இருந்தார்கள். முஸ்தபா பேக் சித்த சுவாதீனமற்றவர், அவர் சொல்வது கட்டுக்கதை என்று அவர்கள் முடிவு கூறினார்கள். உண்மை சொன்ன மனிதர் காவலில் வைக்கப்பட்டார். ஜூலை 10-ஆம் தேதி பொழுது விடியுமுன் நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்கள் கோட்டைக்குள் மாண்டார்கள். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்னும் அதிகாரி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது அதைவிடப் பன்மடங்கு சுதேசிகள் மாண்டார்கள். பிறகு முஸ்தபா பேக்குக்கு வெகுமதியும் ஓய்வூதியமும் அளித்தார்கள். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை அவனை அறியாத வேறோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்த்த பின்னரே அரசன் நம்ப வேண்டும் என்று வள்ளுவர் ஒற்றாடலில் விதித்திருக்கிறார். இந்த நாட்டை ஆள வந்த கம்பெனித் துரைமார் நம் நீதி நூல்களில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பத்துக் குறளையாவது படித்திருக்கலாம்.

கலகம் அடங்கிய பிறகும் வதந்திகள் அடங்கவில்லை. சுதேசிகள் அனைவரையும் கிறிஸ்தவ மதத்தில் சேர்த்துவிடச் சர்க்கார் தீர்மானித்திருக்கிறது என்ற பேச்சு ஹைதராபாத் வரையில் பரவி நின்றது. 1806 டிசம்பரில் சென்னை சர்க்கார் ஒரு பிரகடனம் வெளியிட்டது. கெட்ட எண்ணமுள்ளவர்கள் பொய்யான செய்திகளைப் பரப்புகிறார்கள், பிரஜைகளின் மத ஆசாரங்களில் தலையிடும் உத்தேசம் சர்க்காருக்கு எக்காலத்திலும் இல்லை என்ற கருத்துப்பட எழுதிய அந்தப் பிரகடனத்தைச் சுதேச பாஷைகளில் பெயர்த்துப் பட்டாளங்களில் வாசிக்கச் செய்தார்கள். சர்க்காரே முன்வந்து ஒரு வதந்தியை மறுத்த உதாரணங்களில் நம் பக்கத்தில் இது மிகப் பழையது என்று சொல்லலாம். ஆயினும் ஜனங்களைச் சமாதானப்படுத்தியது பிரகடனத்தின் வாசகமா, அதற்கு முன்னமே திரும்பப் பெறப்பட்ட தலைப்பாகையா என்று கேட்டால், தலைப்பாகைதான் என்றே சொல்வேன். கிராடக்கும் கவர்னர் பெண்டிங்க் பிரபுவும் மறு வருஷம் சீமைக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து, 1857-இன் பெருங்கலகம் நடந்து ஓய்ந்த பின்னர், 1860-இல் இந்திய தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டபோது, வதந்திக்கென்றே ஒரு பிரிவு அதில் இடம்பெற்றது: 505-ஆம் பிரிவு. கலகத்தின் புகை இன்னும் கண்ணில் கரித்துக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டதாயினும், அந்தப் பிரிவின் ஆதி வாசகம் வியக்கத்தக்க நிதானத்தோடு அமைந்திருந்தது. ஒருவனைத் தண்டிக்க வேண்டுமானால், அவன் பரப்பிய செய்தி பொய்யென்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். அதோடு, படையில் கலகமோ, பொதுஜனங்களுக்குப் பீதியூட்டி அதன் வழியே குற்றமோ விளைவிக்கும் உத்தேசமும் அவனுக்கு இருந்திருக்க வேண்டும். அறிவு, உத்தேசம் என்ற இவ்விரண்டையும் சர்க்கார் நிரூபித்தாக வேண்டியிருந்தது. அந்நிய ஆட்சியாரின் கையிலிருந்து வந்த சட்டத்தைப் புகழ்வது சிலருக்குக் கசக்கலாம். உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நிதானம் முப்பத்தெட்டு வருஷங்களே நீடித்தது. 1897-இல் பம்பாய் ராஜதானியில் கொள்ளைநோயும், நோயைவிடக் கொடுமையாய் ஜனங்கள் உணர்ந்த சோதனைகளும், ராண்ட் என்னும் அதிகாரியின் கொலையும், திலகர்மீது ராஜத்துவேஷ வழக்கும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. 1898-இல் ராஜத்துவேஷப் பிரிவை விரிவாக்கிய கையோடு 505-ஆம் பிரிவையும் திருத்தினார்கள். பொய்யென்று அறிந்து பரப்புதல் என்ற சொற்கள் நீக்கப்பட்டன. உண்மையென்று நம்புவதற்குத் தக்க ஆதாரம் இருந்ததென்பது ஒரு விதிவிலக்காய்ப் பிரிவின் அடியில் போய் ஒண்டிக்கொண்டது. சர்க்காரின் தோளிலிருந்த நிரூபணச் சுமையின் ஒரு பாதி அன்று பிரஜையின் தோளுக்கு மாறியது.

இதற்கிடையே வைசிராய் லிட்டன் பிரபுவின் காலத்தில் வேறொரு பரீட்சை நடந்தது. 1878 மார்ச் 14-ஆம் தேதி சுதேச பாஷைப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டம் ஒரே நாளில் நிறைவேறியது. நம் சென்னை ராஜதானியை அதன் வரம்புக்கு வெளியே வைத்தார்கள். வங்காளத்திலோ அமிர்த பஜார் பத்திரிகை ஒரே இரவில் ஆங்கிலப் பத்திரிகையாக உருமாறி அதன் பிடிக்குத் தப்பியது. இவை பலரும் அறிந்தவை. அச்சட்டத்தோடு கூடவே பத்திரிகைக் கமிஷனர் என்று ஓர் உத்தியோகத்தைச் சிருஷ்டித்து, ரோப்பர் லெத்பிரிட்ஜ் என்பவரை அதில் அமர்த்தினார்கள் என்பதை அத்தனை பேர் அறியமாட்டார்கள். சர்க்காரின் காரியங்களைப் பற்றிச் சரியான தகவல்களைப் பத்திரிகைகளுக்கு வழங்குவது அவர் வேலை. தனியே எடுத்துப் பார்த்தால் இது நல்ல யோசனையே. ஆனால் ஒரு கையில் தகவல் தாளும் மறுகையில் அச்சகத்தைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் வைத்துக்கொண்டு வருகிற சர்க்காரின் தகவலைத் தகவலாக மட்டும் ஏற்றுக்கொள்ள எந்தப் பத்திராதிபருக்குத்தான் மனம் வரும்? அடுத்த வைசிராயாக ரிப்பன் பிரபு வந்து சட்டத்தை ரத்து செய்தார். கமிஷனர் பதவியும் மறைந்தது. 1910-ஆம் வருஷப் பத்திரிகைச் சட்டம் ஜாமீன் தொகை என்ற புதிய ஆயுதத்தைக் கொண்டுவந்தது. 1916-இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியா பத்திரிகை கட்டிய 2,000 ரூபாய் ஜாமீன் பறிமுதலாகி, மறுபடியும் 10,000 ரூபாய் கட்டும்படி ஆயிற்று. அந்தச் சட்டத்தில் மெய் பொய் என்ற விசாரத்துக்கு இடமே அநேகமாக இல்லாததால், அதைப் பற்றி இங்கே விஸ்தரிக்கவில்லை.

மெய் பொய் என்ற விசாரத்தைச் சட்டமே பகிரங்கமாய்க் கைகழுவியது இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது. 1939-இன் இந்தியப் பாதுகாப்பு விதிகள் கேடு விளைக்கும் செய்தி என்று ஒன்றை வரையறுத்தன. அந்த வரையறைக்குள், உண்மையாயினும் பொய்யாயினும், என்ற பொருளுடைய சொற்கள் ஒளிவுமறைவின்றி இடம்பெற்றிருந்தன. ஜனங்களுக்குப் பீதி உண்டாக்குமானால் மெய்யும் குற்றமே. போர்க்காலத்தில் எந்தத் தேசமும் இத்தகைய கண்டிப்பைக் கைக்கொள்ளும் என்று சமாதானம் சொல்லலாம். அந்தக் கண்டிப்பு சென்னை நகரத்தில் என்ன பயன் தந்தது என்று பார்ப்போம்.

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அன்று முதல், பர்மாவில் பிழைக்கப் போயிருந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கலானார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் காடுமலை கடந்து நடந்தே வந்தார்கள். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8-இல் ரங்கூன் வீழ்ந்தது. தணிக்கையான செய்தித்தாள்களில் பிரிட்டிஷ் படைகள் திட்டமிட்ட இடங்களுக்குப் பின்வாங்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், நடந்து வந்த அகதி தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, துரைமார்களுக்கு முதலில் வண்டி கிடைத்த விதத்தையும், வழிநெடுகக் கிடந்த பிணங்களையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜனங்கள் யாரை நம்புவார்கள்? சேமிப்பு வங்கியில் போட்ட பணத்தை வாங்கிப் புதைத்தார்கள். நோட்டைக் கொடுத்து நாணயமாய் மாற்றினார்கள். சில்லறைக்குப் பஞ்சம் வந்தது. வதந்தியையும் தோல்வி மனப்பான்மையையும் எதிர்ப்பதற்கென்று அந்த மார்ச்சு மாதத்தில் தேசிய யுத்த முன்னணி என்றோர் இயக்கத்தை வைசிராய் லின்லித்கோ தொடங்கி வைத்தார். வதந்தியை நம்பாதீர்கள் என்று ஊரெங்கும் உபதேசம் நடந்தது.

ஏப்ரல் 5-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. 9-ஆம் தேதி திருகோணமலை. அந்த வாரத்தில், படையெடுப்புக் கப்பல்கள் சென்னைக் கரையை நோக்கி வருகின்றன என்ற தகவல் சர்க்காருக்கே கிடைத்தது. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் சர்க்கார், வேலை நிமித்தம் தங்கியாக வேண்டிய அவசியமில்லாதவர்கள் நகரத்தைவிட்டு வெளியேறுவது நலம் என்று அறிவித்தது, தானும் வெளியேறியது. தலைமைக் காரியாலயத்தின் பகுதிகள் உதகமண்டலம் முதலான ஊர்களுக்குப் போயின. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போயிற்று. அப்பொழுது பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிச் சாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று, புலி சிங்கம் போன்ற கொடிய மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஏழே முக்கால் லட்சம் ஜனங்கள் வாழ்ந்த நகரத்தில் தெருத்தெருவாக வீடுகள் பூட்டப்பட்டன. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் நிற்க இடமில்லை. வண்டிச் சத்தம் பல மடங்கு ஏறியது. தஞ்சாவூர் ஜில்லாவிலும் திருநெல்வேலிச் சீமையிலும் வெகுகாலம் எட்டிப் பாராத உறவினர் வீடுகளுக்கெல்லாம் பட்டணத்து விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள்.

ஜப்பானியக் கப்பல்கள் சென்னைக்கு வரவில்லை. திருகோணமலையைத் தாக்கிய படை வங்காள விரிகுடாவைவிட்டுத் திரும்பிச் சென்றுகொண்டிருந்தது. அதாவது, வதந்தியைப் பரப்புவோரைச் சிறையிலிடச் சகல அதிகாரங்களையும் பெற்றிருந்த சர்க்கார், அந்த வருஷத்தில் சென்னை கண்ட வதந்திகள் யாவற்றிலும் பெரிய ஒன்றைத் தன் முத்திரையோடு தானே பரப்பியது. கவர்னரிடம் கெட்ட எண்ணம் இருந்ததென்று நான் சொல்ல வரவில்லை. கிடைத்த தகவலை வைத்து, மனிதர் செய்யக்கூடியதையே அவர் செய்தார்; குண்டு விழுந்திருந்தால் அவரைக் கொண்டாடியிருப்போம். ஆனால் அதே தகவலை அதே வாரத்தில் மயிலாப்பூரில் ஒரு வெற்றிலைபாக்குக் கடைக்காரர் சொல்லியிருந்தால் அவர் கைதாகியிருப்பார்.

சுதந்திரம் வந்தது; பழைய பழக்கம் போகவில்லை. 1949-இல் சென்னை மாகாணம் பொது அமைதி காப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, அதன்கீழ் 1950 மார்ச் 1-ஆம் தேதி, பம்பாயிலிருந்து வெளிவந்த கிராஸ் ரோட்ஸ் என்னும் வாரப் பத்திரிகை மாகாணத்துக்குள் நுழையக்கூடாதென்று தடை விதித்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். புதிய அரசியல் சாசனம் அமலுக்கு வந்து நான்கே மாதத்தில், மே 26-ஆம் தேதி, நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார்: ராஜ்யத்தின் பாதுகாப்புக்கு ஊறு நேரும் என்றால் பேச்சைத் தடுக்கலாம், பொது அமைதி என்ற அகன்ற காரணத்தைச் சொல்லித் தடுக்கச் சாசனம் இடம் தரவில்லை. மறு வருஷமே, 1951 ஜூன் மாதத்தில், முதலாவது திருத்தத்தின் மூலம் பொது ஒழுங்கு என்ற சொற்கள் சாசனத்துக்குள் புகுந்தன. கட்டுப்பாடு நியாயமானதாயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே புகுந்தது நம் அதிர்ஷ்டம். வதந்தியைப் பற்றிய எல்லாச் சட்டங்களும் இன்று வரைக்கும் இந்த இரண்டு சொற்றொடர்களுக்கு நடுவேதான் நின்று வழக்காடிக்கொண்டிருக்கின்றன.

நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கையைக் கண்டவர்கள் இன்னும் பலர் இருப்பதால் அதை நீட்டுவானேன்? ஒன்று மட்டும் சொல்கிறேன். 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. மந்திரிசபை கலைக்கப்பட்டு, அக்கட்சியினர் ஏராளமாய்க் கைதானபோது, கைதானவர்களின் பெயர்களை வெளியிடக்கூடாதென்று தடை இருந்தது. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்று முரசொலியில், அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதோர் என்று ஒரு பட்டியலைக் கருணாநிதி வெளியிட்டார். தணிக்கை அதிகாரிகள் அதில் அஞ்சலியை மட்டும் கண்டார்கள். படித்தவர்கள் ஜில்லாவாரியாகக் கைதிகளின் ஜாபிதாவைக் கண்டார்கள்.

இனி நம் காலம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2009-இல் அமலுக்கு வந்த 66-ஏ பிரிவு, பொய்யென்று அறிந்தும் பிறருக்கு எரிச்சலோ அசௌகரியமோ உண்டாகும்படி கணினி வழியே செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கியது. அசௌகரியத்துக்காகச் சிறை என்பது 1898-இல்கூட யாருக்கும் தோன்றாத யோசனை. 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அந்தப் பிரிவை முழுவதுமாக நீக்கியது.

ஆனால் பொய்யைச் சட்டத்தால் அடக்க வேண்டுமென்னும் எதிர்த்தரப்பாரின் கவலையை அற்பமென்று தள்ள என்னால் முடியாது. 2012 ஆகஸ்டில், தங்களைத் தாக்கப் போகிறார்கள் என்ற குறுஞ்செய்திகளுக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தவர் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கில் ரயிலேறினார்கள். 2018 மே மாதத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யால், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கும்பல் அடித்தே கொன்றது. பேச்சுரிமையைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த மூதாட்டியை மறந்துவிட்டு எழுதக்கூடாது.

இந்த இரு சந்தர்ப்பங்களிலும் செய்யப்பட்ட பரிகாரங்களைக் கவனிக்க வேண்டும். 2012-இல் மத்திய சர்க்கார், ஒருவர் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாதென்று பதினைந்து நாட்களுக்கு வரம்பு கட்டியது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், வந்த செய்தியை ஒரு தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் மறு அனுப்பு செய்ய முடியாதபடி இந்தியாவில் செய்தது. செய்தி மெய்யா பொய்யா என்று இரண்டும் கேட்கவில்லை; அதன் வேகத்தை மட்டும் குறைத்தன. யாரையும் சத்தியத்துக்கு நீதிபதியாக நியமிக்காமல் செய்த இந்தக் காரியங்களில், சட்டப் பண்டிதர்கள் கண்டுகொண்டதைவிட அதிகமான விவேகம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளரைத் தாக்கிக் கொல்கிறார்கள் என்று வேறிடங்களில் நடந்த அடிதடிகளின் காணொளிகளைக் காட்டிப் பரப்பினார்கள். காவல்துறைத் தலைவர் உடனே மறுத்தார். பரப்பியோர்மீது வழக்குகள் பதிவாயின. இவற்றோடு பீகார் சர்க்கார் தன் அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் திருப்பூர், கோவை முதலிய ஊர்களுக்குச் சென்று தொழிலாளரை நேரில் கண்டு திரும்பினார்கள். தமிழ்நாட்டின் மறுப்பைப் பாட்னாவில் நம்பச் செய்தது அந்த இரண்டாவது சாட்சி. வேலூர்த் தளபதி தேடாத சாட்சி அது.

அதே வருஷம் ஏப்ரலில் மத்திய சர்க்கார் தன் தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தி, மத்திய சர்க்காரின் காரியங்களைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று குறிக்கும் அதிகாரத்தைத் தானே அமைக்கும் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு அளித்தது. அப்படிக் குறிக்கப்பட்டதை நீக்காத தளங்கள் தங்கள் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரும். லெத்பிரிட்ஜின் காரியாலயம், ஒரு கையில் தகவல் தாளும் மறுகையில் பிரம்புமாக, நூற்று நாற்பத்தைந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் பம்பாய் ஹைகோர்ட்டின் இரு நீதிபதிகள் இரு விதமாய்த் தீர்ப்பளித்தார்கள். மார்ச்சில் அந்தப் பிரிவை அறிவித்த மறுநாளே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. செப்டம்பர் 20-ஆம் தேதி மூன்றாவது நீதிபதி சந்துர்க்கர் அது சாசனத்துக்கு விரோதம் என்றார். சர்க்கார் தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதை உணர நமக்கு எவ்வளவு காலம் பிடிக்கிறது!

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. 505-ஆம் பிரிவு அங்கே 353 என்ற எண்ணோடு, பொய்த் தகவல், மின்னணு வழி என்ற புதிய சொற்களையும் சேர்த்துக்கொண்டு வீற்றிருக்கிறது. 1898-இல் நீக்கிய நிபந்தனை மட்டும் திரும்பவில்லை. பொய்யென்று அறிந்தே பரப்பி உயிருக்கு உலை வைக்கிறவனைச் சர்க்கார் தண்டிக்கட்டும். அவன் அறிந்தே செய்தான் என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்கும் சுமையையும் அதுவே தாங்கட்டும். தன்னைப் பற்றிய செய்தி பொய்யானால் அன்றைக்கே ஆதாரத்தோடு மறுக்கட்டும். அழிக்கச் சொல்லும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு விட்டுவிடட்டும். அடுத்த முறை இந்தப் பிரிவு திருத்தத்துக்கு வரும்போது, நம் பாராளுமன்ற அங்கத்தினர்கள் 1860-ஆம் வருஷத்து வாசகத்தை எடுத்து ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.